ஆபீஸ் போகிறவருக்கா, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கா: வரிச் சலுகைச் சண்டையில் இறங்குமுன் கணக்குப் போடுவது எப்படி

"நான் தினமும் ரயிலில் நசுங்கிக்கொண்டு வருகிறேன், எனக்கு ஒரு பைசா வரிக் கழிவு கிடையாது. நீ வீட்டில் உட்கார்ந்தபடியே கரண்ட் பில்லுக்குச் சலுகை வாங்குகிறாய்."

"ஆபீஸில் எரிகிற விளக்குக்கு நீ காசு கொடுக்கிறாயா? என் வீட்டில் எரிவதற்கு நான்தான் கொடுக்கிறேன்."

எங்கள் டீமில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதம் வந்தால் இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேர் கையிலும் கணக்கு இல்லை. நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன்: சில வருடம் தினசரிப் பயணம், அப்புறம் ஒன்றரை வருடம் முழுக்க வீடு, இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. அதனால் யாருக்கு அநியாயம் நடக்கிறது என்று கத்துவதற்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்க எனக்குத் தெரிந்த வழியை எழுதுகிறேன். ஒரு தாள், பேனா, போன வருடத்துப் பில்கள், ஒரு காலண்டர், இவ்வளவு போதும்.

கழிவு வேறு, கையில் வரும் காசு வேறு

முதலில் இதைச் சரிசெய்துகொள்ளாவிட்டால் மீதிக் கணக்கெல்லாம் வீண். வரிக் கழிவு என்றால் அந்தத் தொகையை அரசு உங்களுக்குக் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தொகைக்கு வரி போடாமல் விடுகிறது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர் ரசீது எதுவும் காட்டாமல் வாரத்துக்கு 6 பவுண்டு கழிவு கேட்கலாம் என்று இருந்தது. அதற்கு முன் 4 பவுண்டு. வாரம் 6 பவுண்டு என்றால் வருடத்துக்கு 312 பவுண்டு வந்துவிடும் என்று அலுவலகம் போகிறவர் பொருமுவார். 20 சதவீத ஸ்லாபில், அதாவது சம்பளத்தின் மேல்பகுதிக்கு 20 சதவீதம் வரி கட்டும் நிலையில், இருப்பவருக்கு உண்மையில் மிச்சமானது வாரத்துக்கு 1 பவுண்டு 20 பென்ஸ், வருடத்துக்கு 62.40. இதற்காகவா ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு திரிந்தோம் என்று தோன்றும்.

ஆனால் அதே கணக்கை 40 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு வருடத்துக்கு 124.80 பவுண்டு. அதே மாதிரி நாற்காலி, அதே மாதிரி பில், சம்பளம் அதிகம் வாங்குகிறவருக்கு இரட்டிப்பு. வரி கட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாதவருக்குப் பூஜ்யம். என்னைக் கேட்டால் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இங்கேதான் நடக்கிறது. ரயிலில் வருகிறவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைவிட, மேல் ஸ்லாபுக்கும் கீழ் ஸ்லாபுக்கும் நடுவில் இருப்பது பெரிது. ஆனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை, ஏனென்றால் பக்கத்து நாற்காலிக்காரர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது நமக்குத் தெரியும், அவருடைய ஸ்லாப் தெரியாது.

ஆகவே தாளில் முதல் வரியாக எழுத வேண்டியது உங்கள் கடைசி ஸ்லாபின் சதவீதம். இனி வரும் ஒவ்வொரு கழிவையும் அந்தச் சதவீதத்தால் பெருக்கிவிட்டுத்தான் பேச வேண்டும்.

கூடுதல் செலவை மட்டும் எழுதுங்கள்

அடுத்தது செலவு. இதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏமாற்றுகிறது, தெரிந்தே இல்லை என்றாலும். வீட்டில் வேலை பார்ப்பவர் இன்டர்நெட் பில் முழுவதையும் எழுதிக்கொள்வார், அந்த இணைப்பு அவர் படம் பார்ப்பதற்காக ஐந்து வருடமாக வீட்டில் இருந்ததுதான். காரில் போகிறவர் இன்சூரன்ஸையும் சேர்த்துக்கொள்வார், வேலைக்குப் போகாவிட்டாலும் அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கட்டித்தான் ஆக வேண்டும். விதி ஒன்றுதான்: இந்த வேலை இந்த முறையில் இல்லாவிட்டால் இந்தச் செலவு வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அடித்துவிடுங்கள். சிங்கப்பூர் வரித்துறை கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது: வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் மின்சாரம், தொலைத்தொடர்புச் செலவு எவ்வளவு கூடியதோ அந்த வித்தியாசத்தைத்தான் கேட்க முடியும், அதுவும் கம்பெனி திருப்பிக் கொடுக்காதிருந்தால். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய் வரும் செலவுக்கு அங்கே கழிவே இல்லை. அயர்லாந்தில் 2022 முதல் இன்னொரு வழி: மின்சாரம், வீட்டைச் சூடாக்குவது, பிராட்பேண்ட் ஆகியவற்றின் பில்லை வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களின் விகிதத்துக்குப் பிரித்து, அதில் 30 சதவீதம் கழிவு.

மின்சாரத்தில் என்ன கூடுகிறது என்பதை நான் ஒரு முறை மீட்டரைப் பார்த்தே கண்டுபிடித்தேன். வீட்டில் இருக்கும் நாட்களில் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மீட்டர் எண்ணைக் காலண்டர் கட்டத்திலேயே பென்சிலால் குறித்தேன். ஆபீஸ் நாட்களில் கிளம்பும்போதும் திரும்பியதும் குறித்தேன். இரண்டு வாரம் செய்ததும் ஆச்சரியமாக இருந்தது: லேப்டாப்பின் பங்கு ஒன்றுமே இல்லை. யோசித்தால் சரிதான், 60 வாட் லேப்டாப் எட்டு மணி நேரம் ஓடினால் 480 வாட் மணி, அதாவது அரை யூனிட்கூட இல்லை. பக்கத்தில் 30 வாட் மானிட்டர் இருந்தால் இன்னொரு கால் யூனிட். செலவு முழுக்க அறையைச் சூடாக்குவதிலோ குளிரவைப்பதிலோதான். 1,500 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 யூனிட். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு நிறுத்தினாலும் லேப்டாப்பைப் போலப் பல மடங்கு. ஆகவே வீட்டில் வேலை பார்ப்பவருக்கு ஆகும் செலவு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கடுங்குளிரிலோ கடும் வெயிலிலோ எகிறும், நடுவில் கிட்டத்தட்ட காணாமல் போகும். ஒரு மாதத்துப் பில்லைக் காட்டி வருடக் கணக்குப் பேசுகிறவரை நம்பாதீர்கள்.

பயணச் செலவில் சிக்கல் வேறு விதம். வாரம் ஐந்து நாளும் போகிறவருக்குச் சீசன் டிக்கெட் மலிவு. இரண்டு மூன்று நாள் மட்டும் போகிறவர் சீசன் எடுத்தால் பாதி வீண், தினசரி டிக்கெட் எடுத்தால் ஒரு பயணத்தின் விலை கூடுதல். பாதி நாள் போனால் பாதிச் செலவு என்று நினைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். எந்த டிக்கெட்டில் எத்தனை நாளுக்கு மேல் சீசன் லாபம் என்று ஒரு தரம் வகுத்துப் பார்த்து அந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பயண நேரத்துக்கு விலை போடலாமா என்று கேட்பார்கள். மனக்கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள், வரிக் கணக்கில் அதற்கு இடமில்லை.

காலண்டரில் ஒரு எழுத்து

இது ஐந்து விநாடி வேலை, ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் வருடக் கடைசியில் தலையைச் சொறிய வேண்டிவரும். ஒவ்வொரு வேலை நாளும் கட்டத்தில் 'ஆ' அல்லது 'வீ' என்று எழுதுங்கள். லீவு எடுத்தால் காலியாக விடுங்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டில் வேலை பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு நிலையான தொகை கழிவு, 2024 ஜூலை 1 முதல் 70 சென்ட், அதற்கு முந்தைய இரண்டு வருடம் 67 சென்ட். அதைக் கேட்க மணிக் கணக்குப் பதிவு கட்டாயம். குத்துமதிப்பாக எழுதினால் செல்லாது. எட்டு மணி நேரத்துக்கு 5.60 டாலர் கழிவு, வாரம் இரண்டு நாள் வீதம் 46 வாரம் என்றால் 515 டாலரும் சில்லறையும், 30 சதவீத ஸ்லாபில் கையில் நிற்பது சுமார் 155 டாலர். ஆபீஸ் போகிறவருக்கு? வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே போய் வருவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீட்டில் ஓர் அறையை ஆபீஸுக்கென்றே ஒதுக்கி, வீட்டுக் கடன் வட்டியிலும் ஒரு பங்கைக் கழிவாகக் கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அப்படிக் கேட்டால், பின்னால் வீட்டை விற்கும்போது குடியிருக்கும் வீட்டுக்கான மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) விலக்கில் ஒரு பகுதி போய்விடக்கூடும். மின்சாரத்துக்கும் போனுக்கும் மணிக் கணக்கில் கேட்பதில் அந்த ஆபத்து இல்லை.

யார் முடிவு செய்தது?

பயணத்துக்குக் கழிவு இல்லை என்பது ஏதோ கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு பழைய வாதம் இருக்கிறது. 1920களில் லண்டனில் குடியிருந்து அங்கேயே தொழில் செய்த ரிக்கெட்ஸ் என்ற பாரிஸ்டருக்குப் போர்ட்ஸ்மவுத் நகரில் ரெக்கார்டர் என்ற நீதிபதிப் பதவியும் இருந்தது. லண்டனிலிருந்து போய் வந்த ரயில் கட்டணத்தையும் ஓட்டல் செலவையும் கழிக்கக் கேட்டார். பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை வரை போன அந்த வழக்கில், வேலை செய்ய வேண்டிய இடத்துக்குப் போவது வேலை செய்வதாகாது, லண்டனில் குடியிருப்பது அவருடைய சொந்த விருப்பம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் ஃபிளவர்ஸ் வழக்கில் இதே போக்கில் போனது. ஃபிளவர்ஸ் மிஸிஸிப்பியின் ஜாக்சனில் குடியிருந்துகொண்டு அலபாமாவின் மொபைல் நகரில் வேலை பார்த்தவர். ஒரு ரயில்வே கம்பெனியின் வக்கீல் என்பதுதான் வேடிக்கை.

ஆக, சட்டத்தின் கேள்வி 'உனக்குச் செலவானதா?' என்பதைவிட 'அந்தச் செலவு யாருடைய தேர்வு?' என்பதாக இருக்கிறது. இதே கேள்வியை வீட்டில் வேலை பார்ப்பவரிடமும் கேட்டால்தான் நியாயம். பிரிட்டனில் பெருந்தொற்று ஓடிய 2020-21, 2021-22 இரண்டு வரி ஆண்டுகளிலும் ஒரே ஒரு நாள் கட்டாயத்தால் வீட்டிலிருந்து வேலை பார்த்திருந்தாலும் முழு வருடத்துக் கழிவும் கிடைத்தது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு, வசதிக்காக வீட்டில் இருப்பவருக்குக் கிடையாது, வேலையின் தன்மையால் வேறு வழியில்லாதவருக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதையும் 2026 ஏப்ரல் 6 முதல் எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். உங்கள் தாளில் மூன்றாவதாக எழுத வேண்டியது இதுதான்: வீட்டில் இருந்து வேலை பார்க்கச் சொன்னது கம்பெனியா, நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்களா? நியமனக் கடிதத்தில் உங்கள் வேலையிடம் எது என்று இருக்கிறது? ஆபீஸில் உங்களுக்கு மேஜை இருக்கிறதா? எழுத்தில் இருப்பதை எடுத்துவையுங்கள், மேனேஜர் வாயால் சொன்னது வரித்துறையிடம் செல்லாது.

நீதிமன்றங்களின் அந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். ஆபீஸ் பக்கத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடியிருப்பவரிடம் போய் 'அது உங்கள் விருப்பம்' என்று சொன்னால் அவர் சிரிப்பாரா அழுவாரா? மனைவிக்கு ஓரிடத்தில் வேலை, கணவருக்கு வேறிடத்தில் வேலை, குழந்தைகளின் பள்ளி நடுவில் எங்கேயோ. இதில் விருப்பம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

ஜெர்மனியில் இந்தச் சண்டை அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. அங்கே வேலைக்குப் போய் வரும் தூரத்துக்கு நெடுங்காலமாகவே கழிவு உண்டு. 2007இல் அரசு, வேலை என்பது ஆலையின் வாசலில்தான் ஆரம்பிக்கிறது, வாசலுக்கு இந்தப் பக்கம் எல்லாம் சொந்த வாழ்க்கை என்று சொல்லி முதல் 20 கிலோமீட்டருக்குக் கழிவை நிறுத்தியது. 21ஆவது கிலோமீட்டரிலிருந்து மட்டும் தொடர்ந்து கொடுத்தது. 2008 டிசம்பர் 9 அன்று நீதிமன்றம் இதைச் சாசனத்துக்கு முரண் என்றது. பயணத்துக்குக் கழிவு கொடுத்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. கொள்கையை மாற்றினால் மாற்றிக்கொள், ஆனால் அதற்கு ஒரு சீரான காரணம் வேண்டும். கஜானாவுக்குக் காசு வேண்டும் என்பது மட்டும் ஒருவரை ஒரு விதமாகவும் இன்னொருவரை வேறு விதமாகவும் நடத்தக் காரணமாகாது என்றது. வாசலில்தான் வேலை தொடங்குகிறது என்றால் 21ஆவது கிலோமீட்டர் மட்டும் எப்படி வேலையாகும்? சலுகை நியாயமா என்று யாராவது கேட்டால் நான் இப்போது இந்த அளவுகோலைத்தான் எடுக்கிறேன்: சொன்ன காரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போகிறார்களா?

இரண்டையும் ஒரே தராசில் வைப்பது

ஜெர்மனியையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் கழிவு கொடுக்கிற நாட்டில்தான் ஒப்பிட முடியும். வீட்டில் வேலை பார்த்த நாளுக்கு 6 யூரோ, வருடத்துக்கு அதிகபட்சம் 210 நாள், 1,260 யூரோ; இது 2023 முதல். ஆபீஸ் போன நாளுக்கு, ஒரு வழித் தூரத்தின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2025 வரை முதல் 20 கி.மீ.க்கு 30 சென்ட், அதற்கு மேல் 38. 2026இலிருந்து முதல் கிலோமீட்டருக்கே 38 சென்ட். காரா, ரயிலா, சைக்கிளா என்ற பேதம் இல்லை. ஒரே நாளுக்குப் பொதுவாக இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம்.

அப்படியானால் சமநிலை எங்கே? 30 சென்ட் இருந்தபோது சரியாக 20 கி.மீ., பழைய கணக்கில் யாரோ வேண்டுமென்றே பொருத்திவைத்த மாதிரி. 38 சென்டானதும் 6ஐ 0.38ஆல் வகுத்தால் 15.8, அதாவது 16 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி இருக்கிறவருக்கு ஆபீஸ் நாள் லாபம், உள்ளே இருக்கிறவருக்கு வீட்டு நாள் லாபம்.

ஆனால் இதோடு நிறுத்தினால் தப்பு. அங்கே ஒவ்வொரு ஊழியருக்கும் எதையும் காட்டாமலே 1,230 யூரோ பொதுக் கழிவு உண்டு, அதைத் தாண்டினால்தான் உண்மைச் செலவு கணக்கில் ஏறும். இப்போது மூன்று பேரை வைத்துப் பாருங்கள், மூவருக்கும் ஆபீஸ் 25 கி.மீ., வேறு செலவு எதுவும் இல்லை, ஸ்லாப் 30 சதவீதம். முழுக்க வீட்டில் இருப்பவருக்கு 1,260; பொதுக் கழிவைத் தாண்டியது 30 யூரோ; கையில் 9 யூரோ. ஆம், ஒன்பது. வருடத்துக்கு. 230 நாளும் ஆபீஸ் போகிறவருக்கு நாளுக்கு 9.50 வீதம் 2,185, தாண்டியது 955, கையில் சுமார் 286. என்னைப் போல வாரம் மூன்றும் இரண்டுமாகப் பிரிக்கிறவர் 46 வாரத்தில் 138 நாள் ஆபீஸ், 92 நாள் வீடு என்றால் 1,311ம் 552ம் சேர்ந்து 1,863, தாண்டியது 633, கையில் சுமார் 190. காதில் விழும் 6 யூரோ, 38 சென்ட் எல்லாம் இந்த வடிகட்டியில் போனதும் என்ன ஆகிறது பாருங்கள். வரியே கட்டாத அளவுக்குக் குறைந்த சம்பளக்காரர்களுக்காக, 21ஆவது கிலோமீட்டரிலிருந்து பயணக் கழிவில் 14 சதவீதத்தைக் காசாகவே கொடுக்கும் ஏற்பாடும் 2021இல் கொண்டுவந்தார்கள். ஸ்லாப் அநியாயத்தை நேராகத் தொட்ட சில முயற்சிகளில் இதுவும் ஒன்று. வீட்டில் இருப்பவருக்கு அப்படி ஒன்று இல்லை.

உங்கள் நாட்டில் பொதுக் கழிவு ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்தியாவில் 2018 மார்ச் வரை மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு வரி இல்லை. 2018-19 நிதியாண்டிலிருந்து அதையும் 15,000 ரூபாய் மருத்துவச் செலவுச் சலுகையையும் எடுத்துவிட்டு 40,000 ரூபாய் நிலையான கழிவு வைத்தார்கள். பிறகு 50,000 ஆனது, புதிய வரி முறையில் 2024-25 நிதியாண்டிலிருந்து 75,000. நீங்கள் பஸ்ஸில் தொங்கினீர்களா, சோபாவில் சாய்ந்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் தினமும் நான்கு மணி நேரம் பயணம் செய்கிறவருக்கு இது நியாயமாகத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் தராசு பயணக்காரர் பக்கம் சாய்கிறது. கம்பெனி ஏற்பாடு செய்தால் ரயில், பஸ் பாஸுக்கு 2025இல் மாதம் 325 டாலர் வரை வரி பிடிக்காத சம்பளத்திலிருந்து போகலாம், பார்க்கிங்குக்கும் தனியாக அதே அளவு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியருக்கு மத்திய வரியில் 2018 முதல் ஒன்றும் இல்லை. சொந்தத் தொழில் செய்கிறவர் மட்டும் சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 300 சதுர அடி வரை கேட்கலாம். ஒரே மேஜை, ஒரே வேலை, சம்பளச் சீட்டு இருந்தால் இல்லை, இன்வாய்ஸ் இருந்தால் உண்டு. இதற்குச் சீரான காரணம் என்ன என்று எனக்குப் புரியவே இல்லை. கனடாவில் 2020இல் வீட்டு நாளுக்கு 2 டாலர், வருடத்துக்கு 400 வரை என்று எளிய முறை வைத்தார்கள், அடுத்த இரண்டு வருடம் 500 வரை. 2023இலிருந்து அது போய், கம்பெனி கையெழுத்துப் போட்ட டி2200 படிவமும் விரிவான கணக்கும் வேண்டும். ஜப்பானில் ரயில், பஸ்ஸில் வருகிறவருக்குக் கம்பெனி கொடுக்கும் பயணப்படி மாதம் 1,50,000 யென் வரை வரியில்லை.

தாளை எடுத்துக்கொண்டு கம்பெனியிடம் போங்கள்

இவ்வளவு கணக்கும் போட்டபிறகு நான் கண்டது: வரித்துறை கொடுக்கும் கழிவைவிட, அதே தொகையைக் கம்பெனி கையில் கொடுப்பது எப்போதும் பெரிது. பிரிட்டனின் அதே 6 பவுண்டையே எடுங்கள். ஊழியர் தானாகக் கேட்ட கழிவில் 20 சதவீதக்காரருக்கு 1.20 கிடைத்தது. கம்பெனி வாரம் 6 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால் முழு 6 பவுண்டும் வரியில்லாமல் கையில் வரும், ஐந்து மடங்கு. மேல் ஸ்லாப், கீழ் ஸ்லாப் என்ற பேதமும் போய்விடும். ஊழியரின் கழிவை ரத்து செய்த பிறகும் கம்பெனி இப்படிக் கொடுக்கும் வழி அங்கே திறந்தே இருக்கிறது. அயர்லாந்தில் நாளுக்கு 3.20 யூரோ வரை கம்பெனி வரியில்லாமல் கொடுக்கலாம். நெதர்லாந்தில் வீட்டு நாளுக்கு 2025இல் 2.40 யூரோ, பயண நாளுக்குக் கிலோமீட்டருக்கு 23 சென்ட், ஒரு நாளுக்கு இரண்டில் ஒன்று. போக வரச் சேர்த்துப் பத்தரை கிலோமீட்டரில் இரண்டும் சமமாகிவிடும். ஆனால் கொடுக்கலாம் என்றுதான் சட்டம், கொடுக்க வேண்டும் என்று இல்லை. கேட்காதவருக்கு வராது.

கேட்கும்போது புலம்பல் வேண்டாம். உங்கள் காலண்டரிலிருந்து எத்தனை 'வீ', எத்தனை 'ஆ' என்ற எண், மீட்டர் கணக்கில் வந்த கூடுதல் யூனிட், சீசன் டிக்கெட்டுக்கும் தினசரி டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம், உங்கள் நாட்டில் கம்பெனி வரியில்லாமல் எவ்வளவு கொடுக்கலாம் என்ற வரம்பு, இவற்றை அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். வரம்பைக் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள், எச்.ஆரில் இருப்பவருக்கே அது தெரியாமலிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே எந்த வரி ஆண்டு என்றும் எழுதுங்கள், ஏனென்றால் இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். கம்பெனி பட்ஜெட் போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் அனுப்புவது நல்லது. போட்டபிறகு கேட்டால் 'அடுத்த வருடம் பார்ப்போம்' என்ற பதில் தயாராக இருக்கும்.

சலுகையை வாங்கித் தருகிறோம் என்று வரும் ஏஜென்டுகளிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். 62 பவுண்டில் அவர் பங்கு போக உங்களுக்கு என்ன மிஞ்சும்? பெரும்பாலும் வரித்துறையின் இணையதளத்தில் நாமே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை அது. பிரிட்டனில் பழைய நான்கு வரி ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்க முடியும் என்பதால் இன்னும் சிலர் அந்தத் தூண்டிலைப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

எங்கள் டீமில் கடைசியில் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதாமல் ரயிலில் வருகிறவரும் வீட்டில் இருப்பவரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினோம், இரண்டு கோரிக்கைகளோடு: வருட சீசன் டிக்கெட்டை கம்பெனி வாங்கிக் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது, வீட்டு நாளுக்கு ஒரு நிலையான படி. முதல் கோரிக்கைக்கு மூன்று வாரத்தில் சரி என்றார்கள். இரண்டாவதுக்கு, போன ஆறு மாதத்தில் யார் யார் எந்தெந்த நாள் வீட்டில் இருந்தார்கள் என்ற பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பதினொரு பேரில் காலண்டரில் குறித்துவைத்திருந்தது இரண்டு பேர்.